யார் கை உருட்டுவது

புதுப் பதிப்பு வந்துவிட்டது என்று தம்பி படியேறி வந்து சொன்னபோது நான் செத்துக்கொண்டிருந்தேன்.

நான் என்றால் என் ஆள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதம், பென்சில், பகடை எல்லாம் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் சண்டையிட்டும் ஒரு நீண்ட கதையை நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு அது. வெள்ளைக்காரர்கள் எழுதிய விதிநூல் ஒன்று உண்டு. எந்தச் செயல் பலிக்கும், எது பலிக்காது என்பதை அந்த நூலின்படி பகடை சொல்லும். அதில் நான் ஓர் உப்புக்காரி. மாட்டுவண்டியும் இடுப்பில் ஒரு கத்தியுமாகக் கடற்கரை ஊர்களில் உப்பு விற்றுத் திரிபவள். வாய் நீளம், யாருக்கும் அடங்கமாட்டாள். கல்லூரி விடுதியில் இருந்தபோது அவளை எழுதினேன். அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, தலையில் நரை எட்டிப் பார்த்தது. அவள் மட்டும் அப்படியே என்னோடு வந்துகொண்டிருந்தாள். இந்த வயதில் இதெல்லாம் என்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவர்கள் சீரியல் பார்ப்பதை நான் கேட்கிறேனா?

போன முறை கூடியபோது, கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு நகரத்தின் வாசலில் உப்புக்காரியின் விலாவில் ஈட்டி பாய்ந்தது. விழுந்தாள். பிழைப்பாளா மாட்டாளா என்று பகடை உருட்ட வேண்டிய நேரத்தில் கதை நடத்துபவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரமாச்சு, அடுத்த வாட்டி பாத்துக்குவோம்" என்று காகிதங்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் பாட்டுக்கு அந்த வாசலிலேயே கிடந்தாள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் நினைப்பு வந்துவிடும். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். என் கை அது பாட்டுக்கு எழுதும், மனது அந்த வாசலில் நிற்கும்.

கதை நடத்துபவர் பரமக்குடிக்காரர். கல்லூரியில் எனக்கு மூத்தவர், வீட்டில் கைத்தறிச் சேலை வியாபாரம். கதையை நடத்துவதால் அவருக்கு நாங்கள் வைத்த பேர் கண்டக்டர். ஏறு என்றால் ஏற வேண்டும், இறங்கு என்றால் இறங்க வேண்டும், சில்லறை கேட்டால் முறைப்பார். இன்னொருத்தி என் விடுதித் தோழி. தொண்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுப் பேருந்து பிடித்து ராமநாதபுரத்துக்கு, என் வாடகை வீட்டு மாடிக்கு வந்துவிடுவாள். நான்காவது ஆள் என் தம்பி. பொறியியல் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அது ஒத்துவராமல் ஊருக்கே திரும்பி, அய்யாவோடு, அதாவது எங்கள் அப்பாவோடு, சேர்ந்து விவசாயம் பார்க்கிறான். வானம் பார்த்த பூமி எங்களுடையது. மழைக்கு முன்னால் நெல், அது முடிந்து மிளகாய்.

அன்றைக்கு அவன் கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கனத்த புத்தகம் இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு விதிகளை அடியோடு திருத்தி வந்திருக்கும் புதுப் பதிப்பு. அதை மேசை நடுவில், எங்கள் பழைய நூலின் மேலேயே வைத்தான். பழையது என்றால் கல்லூரி வாசலில் நகல் எடுத்து, சுருள்கம்பி போட்டு, டீ கொட்டி, ஓரம் கிழிந்து, பாதி எழுத்து மங்கிப்போனது. அதன் மேல் இது பளபளவென்று உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

புதுப் பதிப்பு வரும்போது இந்த விளையாட்டுக்காரர்கள் படுத்தும் பாட்டை வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சென்னை, கோயம்புத்தூர்க்காரர்கள் எல்லாம் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நாங்களும் இருக்கிறோம். ஒரு மாதமாக அங்கே அடிதடி. பழைய விதியைத் தொட்டவன் விளங்கமாட்டான் என்று ஒரு கூட்டம். வெளியான அன்றே வாங்கிவிட்டு அட்டையைப் படம் பிடித்துப் போட்டவர்கள் ஒரு கூட்டம். அவர்கள் உள்ளே ஒரு பக்கம் படித்திருந்தால் பெரிய விஷயம். நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று நடுவில் நிற்பவர்களை இரண்டு பக்கமும் சேர்ந்து மொத்தியது. இத்தனைக்கும் யாரும் யார் வீட்டு மேசைக்கும் வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை. அவரவர் வீட்டில் அவரவர் இஷ்டப்படி விளையாடிக்கொள்ளலாம். ஆனாலும் தன் விதியை இன்னொருவன் மாற்றினால் தன் வீட்டுச் சுவரில் ஆணி அடித்ததுபோல் பொங்குகிறார்கள். நானும் பொங்குகிற கூட்டம்தான். மறைக்க ஒன்றுமில்லை.

"எல்லாமே மாத்திட்டாங்க" என்றான் தம்பி, உறையைப் பிரித்துக்கொண்டே. "சண்டை சுருக்கமாயிருச்சு. வைத்தியம் பாக்குற ஆளுக்கு நெறையா சக்தி குடுத்துருக்காங்க."

"வைத்தியத்துக்குக் கூட்டியிருக்கானா? அப்ப எனக்குச் சம்மதம்" என்றாள் தொண்டிக்காரி. அவளுடைய ஆள் இப்போது ஒரு வைத்தியச்சி. அவளுக்கு வேறு எந்தக் கொள்கையும் கிடையாது.

கண்டக்டர் முகம் சுருங்கியது. "ஏம்ப்பா, நான் எழுதி வச்ச ஊரு, தீவு, பேய், பிசாசு அம்புட்டையும் இதுக்குத் தக்கன திருப்பி எழுதணும்ல. வியாபாரத்த நான் பாப்பனா, இதப் பாப்பனா?"

"நெல்லு ரகம் மாத்துற மாதிரிதான் அண்ணே. ஒரு வருஷம் கஷ்டம், அப்புறம் பழகிரும்" என்றான் தம்பி. பிறகு என் பக்கம் திரும்பி, அவன் உண்மையில் சொல்ல வந்ததைச் சொன்னான். "அக்கா, இதுல விழுந்தவன் சாகமாட்டான். சண்டை முடியிற வரைக்கும் மயங்கிக் கிடப்பான். அப்புறம் ஒரு காயத்தோட எந்திரிச்சுருவான். இப்பவே இதுக்கு மாறிட்டோம்னா உப்புக்காரி பொழைச்சுருவா."

மேசையில் ஒரு நிம்மதி பரவியது தெரிந்தது. கண்டக்டரே தலையாட்டினார். அவருக்கும் உப்புக்காரியைக் கொல்ல மனசில்லை. தொண்டிக்காரி என் தொடையில் தட்டி, "தப்பிச்சடீ" என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் மாட்டேன் என்றேன்.

எனக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். பழைய விதியில் தொடங்கிய சண்டை பழைய விதியில்தான் முடிய வேண்டும். இத்தனை வருடமும் அவள் பிழைத்ததெல்லாம் ஒவ்வொரு தடவையும் பகடைக்கு முன்னால் நின்று பிழைத்தது. இப்போது எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து விதியை மாற்றினான் என்பதற்காக அவள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனால், அவளை நான் எப்படி மதிப்பேன்? "உருட்டியே தீரணும்" என்றேன். "பொழைச்சாலும் செத்தாலும் நம்ம ரூல்படி."

எங்கள் மேசையில் சாவு உருட்டுக்கு ஒரு முறை உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் அவரவர் பகடையை அவரவர் உருட்டுவோம். ஆள் விழுந்து உயிருக்குப் போராடும்போது மட்டும், விழுந்தவர் தொடக்கூடாது. இன்னொருவர் பேரைச் சொல்லி, அவர் கையால் உருட்டச் சொல்ல வேண்டும். இருபது முகப் பகடையை ஒரே ஒரு முறை. பத்துக்கு மேல் விழுந்தால் உயிர். பத்தோ அதற்குக் கீழோ என்றால் சாவு. சரிபாதி வாய்ப்பு. யார் கை என்று தேர்ந்தெடுப்பதில்தான் அந்த நேரத்தின் நடுக்கமெல்லாம் இருக்கும். தொண்டிக்காரி கைக்கு எங்களிடம் நல்ல பேர். என் உப்புக்காரிக்கும் அவள் கையைத்தான் கேட்பேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"நம்ம ரூல் என்ன நம்ம ரூல், புக்குல உள்ளதுதான" என்றார் கண்டக்டர். "அந்த வாட்ஸ்அப் குரூப்புல கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன், அப்படியெல்லாம் கெடையாதுன்னு என்கிட்டச் சண்டைக்கு வந்தான். பக்க நம்பரோட போட்டு வாய அடைச்சேன்ல."

"அந்தப் பக்கத்தத்தான் எடுங்கண்ணே" என்றேன். தம்பியின் பளபளப்புப் புத்தகத்துக்கு எதிரே எங்கள் கிழிந்த நூலை ஆதாரமாக வைக்க எனக்கு ஆசை. புதியதை நகர்த்திவிட்டுப் பழையதை எடுத்துப் புரட்டினேன். கண்டக்டர் சொன்ன பக்கத்தில் படகுப் பயணம் பற்றி இருந்தது. முன்னால் போனேன், பின்னால் போனேன். கடைசியில் சாவைப் பற்றிய பகுதி கிடைத்தது. பகடை உண்டு, பத்துக்கு மேல் என்பதும் உண்டு. ஆனால் விழுந்தவரே உருட்ட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. இன்னொருவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

தொண்டிக்காரி வாங்கிப் படித்தாள். கண்டக்டர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். பக்கம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார். விட்டுப்போகவில்லை.

"அப்ப கோயம்புத்தூர்க்காரன் சொன்னது சரியா?" என்றார் பாவமாக.

சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். இத்தனை வருடம் இல்லாத ஒரு விதியைப் பழைய பதிப்பு என்று சொல்லி, அதற்காக ஊரில் உள்ளவர்களோடெல்லாம் மல்லுக்கு நின்றிருக்கிறோம். இதை யார் தொடங்கியது என்று ஆளாளுக்கு யோசித்தோம். நான் கண்டக்டர் சொன்னார் என்றேன். அவர் என்னைக் காட்டி, நீதான் படித்துச் சொன்னாய் என்றார். தொண்டிக்காரி இரண்டு பேரையும் நம்பியதாகச் சொன்னாள்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "சித்தப்பா" என்றான்.

அவன் சொன்னதும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் முதல் வருடப் பொங்கல் லீவு. இவர்கள் எல்லோரும் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். வீட்டுப் பின்பக்கம் பாயை விரித்து விளையாடிக்கொண்டிருந்தோம். உப்புக்காரி அப்போதுதான் பிறந்திருந்தாள், பிறந்த வேகத்தில் சாகக் கிடந்தாள். உருட்ட எனக்குக் கை வரவில்லை. அந்த நேரம் பார்த்து சித்தப்பா அந்தப் பக்கம் வந்தார். எங்கள் ஊரில் அவர் கைராசிக்காரர். கடை திறந்தால் முதல் போணி அவர், மாடு வாங்கினால் முதல் கயிறு அவர், பல வயல்களில் முதல் பிடி விதை அவர் கை. "சித்தப்பா, இதக் கொஞ்சம் உருட்டிக் குடுங்க" என்றேன். என்ன ஏது என்று கேட்காமல், குனிந்து உருட்டிவிட்டுப் போனார். இருபது விழுந்தது. அடுத்த முறை வேறொருவர் விழுந்தபோது, அவர்களும் இன்னொருவர் கையைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அதுவே விதியாகிவிட்டது. நூலில் இருக்கிறது என்று எப்போது நம்பத் தொடங்கினோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அது புக்குல இருந்து வரலக்கா" என்றான் தம்பி. "நம்ம வீட்டுல இருந்து வந்தது. அதத்தான் நான் விடுங்கன்னு சொல்றேன்."

அவன் குரல் மாறியிருந்ததைக் கவனித்து நாங்கள் சிரிப்பை நிறுத்தினோம்.

"நாளைக்குப் புழுதி விதைப்பு. தெரியும்ல?" என்றான். மழை வருவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு, வானத்தை நம்பிக் காத்திருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "உழுதது நான். விதை வாங்குனது நான். மொதப் பிடி போட அய்யா சித்தப்பாவக் கூப்புட்டுருக்காரு. ரெண்டு வருஷம் நான் போட்டேன். ஒரு வருஷம் பேயல. அடுத்த வருஷம் அறுக்குற நேரத்துல பேஞ்சு கெடுத்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. சித்தப்பாவுக்கு மட்டும் ஆள் போயிருச்சு."



"இங்கனயும் அதான" என்றான், மேசையைப் பார்த்து. "போன வருஷம் இவங்களோட பழைய ஆளு, அந்தச் சாமியார், விழுந்தாரு. என்னைய உருட்டச் சொன்னாங்க. செத்துட்டாரு. அதுக்கப்புறம் எத்தன பேரு விழுந்தாங்க? ஒருத்தரும் என் பேரச் சொல்லல. நான் யாரையும் கோவிச்சுக்கல. புதுப் புஸ்தகத்துல அவன் அவன் பொழப்ப அவன் அவன் பாத்துக்கிறான். யார் கையும் யாருக்கும் வேணாம். அதுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்."

தொண்டிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுடைய சாமியார் செத்ததற்கு அவள் அன்று சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த முறை விழுந்தபோது வாய் தன்னால் கண்டக்டர் பேரைச் சொல்லியிருக்கிறது. அவளுக்கே தெரியாமல் சொல்லியிருப்பாள். அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. யாரும் வேண்டுமென்று செய்யாத ஒன்றின்மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அய்யாமேல் வந்தது, சித்தப்பாமேல் வந்தது, எதிரே பளபளத்துக்கொண்டிருந்த புத்தகத்தின்மேல்கூட வந்தது. என் தம்பி வீட்டில் கிடைக்காத நியாயத்தைத் தேடி ஒரு விதிநூலைத் தபாலில் வரவழைத்திருக்கிறான்.

"நான் கெளம்புறேன்" என்று அவன் எழுந்தான். "நீங்க உங்க ரூல்படியே ஆடுங்க. புஸ்தகத்த இங்கனயே வச்சுக்கங்க. நான் இனிமே வரல."

"ஏலே, உக்காரு" என்றேன்.

"வேலை கெடக்குக்கா."

"நான் அங்கன தண்ணிக்குள்ள கெடக்கேன். அத விட என்ன வேலை? உக்காரு."

உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. படியோரம் செருப்பு மாட்டப் போனவன் அப்படியே நின்றான். நான் இருபது முகப் பகடையை எடுத்து, அவன் உட்காரும் இடத்துக்கு முன்னால் வைத்தேன்.

"விழுந்தது நான். யார் கைன்னு சொல்ல வேண்டியதும் நான். உன் கை" என்றேன்.

கண்டக்டர் மெதுவாக, "தங்கச்சி, யோசிச்சுக்க" என்றார். அவருக்குப் பயம். உப்புக்காரி செத்தால் அவனை எப்படித் தேற்றுவது என்று நினைத்திருப்பார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இல்லாமலா இருக்கும்? பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது, உருட்டுகிற கைக்கும் விழுகிற எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று வருடா வருடம் அடித்துச் சொல்கிறேன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பயம் போகவில்லை.

"வேணாம்க்கா" என்றான் தம்பி. "புதுசுப்படி போ. பொழைச்சுட்டுப் போ."

"புஸ்தகம் போடுற பிச்சையில நான் பொழைக்க வேணாம். நீ உருட்டி நான் பொழைக்கணும், இல்ல நீ உருட்டி நான் சாகணும்."

"செத்துட்டா?"

"செத்தா செத்தேன். அழுவேன். அப்புறம் சாப்புடுவேன். நீ உருட்டாமப் போனாத்தான் இந்த மாடிக்கு நீ திரும்பி வரமாட்ட. அது எனக்கு ஆகாது."

கீழே தெருவில் ஒரு காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை யாரும் அசையவில்லை. பிறகு தம்பி வந்து உட்கார்ந்தான். பகடையை எடுத்து, வேட்டியில் துடைத்து, கண்ணை மூடாமல் என்னைப் பார்த்தபடியே உருட்டினான்.

நான்கு.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். சாவைச் சொல்ல வேண்டியது அவர் வேலை. "நானே சொல்றேண்ணே" என்றேன். உப்புக்காரி எப்படிக் கண்ணைத் திறந்து பார்த்தாள், கத்தியை எப்படி வைத்தியச்சி கையில் கொடுத்தாள், வண்டி மாட்டை யாரிடம் விடச் சொன்னாள் எல்லாவற்றையும் சொன்னேன். கடல் உள்ளே வந்தது என்றேன். அதற்கு மேல் முடியாமல் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. என் இளமைக்காலம் முழுக்கக் கூட வந்தவள். தொண்டிக்காரி என்னோடு சேர்ந்து அழுதாள். டீ கொண்டு வந்த என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, தட்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

தம்பி முகம் வெளிறிப் போயிருந்தது. "சொன்னேன்ல" என்றான்.

"என்ன சொன்ன? நாலு விழுந்துச்சு. வேற யாரு உருட்டியிருந்தாலும் விழுந்துருக்கலாம், விழாமலும் இருந்துருக்கலாம். சுத்தி உக்காந்திருக்கிற யாராச்சும் உன்னையக் கொறை சொன்னாங்களா?" மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். "உன் புஸ்தகத்த எடு. நான் புது ஆள் எழுதணும்."

"புதுப் பதிப்புலயா?" என்றார் கண்டக்டர் ஆச்சரியமாக.

"எழுதுறேன். சண்டை சுருக்கமாம்ல. எனக்கும் வயசாகுது." புத்தகத்தைத் திறந்து, விழுந்தவர்களைப் பற்றிய பக்கத்தைத் தேடி எடுத்து, பென்சிலால் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஓரத்தில் எங்கள் விதியை எழுதினேன்: விழுந்தவருக்கு அடுத்தவர் கை உருட்டும். இத்தனை நாள் எங்கேயும் எழுதப்படாமல் இருந்த விதி அன்றைக்குத்தான் ஒரு புத்தகத்தில் ஏறியது.

"ஐயோ, புதுப் புஸ்தகம்க்கா" என்று தம்பி பதறினான். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

தொண்டிக்காரி பென்சிலை என்னிடமிருந்து பிடுங்கினாள். அதன் கீழே, வைத்தியச்சி விழுந்தால் உருட்டுவது தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அவனிடம். "அப்புறம் வாய் மாறிரும்." கண்டக்டர் ரயிலைத் தவறவிட்டார். அடுத்த ரயிலுக்கு இருந்து, என் புது ஆளுக்கு வேண்டிய எண்களையெல்லாம் தம்பி உருட்ட உருட்டக் குறித்துக் கொடுத்தார். ஒன்றும் பிரமாதமான எண்கள் இல்லை. வலு குறைவு, புத்தி சுமார். ஓடத் தெரியும்.

மற்ற இரண்டு பேரும் போன பிறகு தலைமையாசிரியைக்குப் போன் போட்டு மறுநாளுக்கு லீவு சொன்னேன். பிள்ளைகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, தம்பி வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன். "நீ எதுக்கு இப்ப?" என்றான். "அம்மாவப் பாத்து நாளாச்சு" என்றேன். அவன் நம்பவில்லை. ஆனால் வண்டியை எடுத்தான்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே வயலில் இருந்தோம். கண்மாய் வறண்டு கிடந்தது. உழுத புழுதி காலில் மாவாக ஒட்டியது. வயலின் வடகிழக்கே, ஈசானி மூலையில் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து முடித்திருந்தார் அய்யா. இடுப்பில் விதைநெல் நிறைந்த ஓலைப்பெட்டி. பக்கத்தில் சித்தப்பா, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். தம்பி தள்ளி, டிராக்டர் பக்கத்தில் நின்றான்.

"என்ன தாயி, பள்ளிக்கூடம் இல்லையா?" என்றார் அய்யா.

"லீவு போட்டேன். அய்யா, மொதப் பிடி தம்பி போடட்டும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார், தன் அண்ணனைப் பார்த்தார், வரப்பில் ஏறி நின்றுகொண்டார். அய்யா குரலைத் தாழ்த்தினார். "அவனுக்காகத்தான் தாயி சொல்றேன். மூணாவது வருஷமும் போச்சுன்னா அவன் கைக்குத்தான் கெட்ட பேரு. ஊரு வாயி சும்மா இருக்குமா?"

அய்யா இப்படி நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் பிள்ளையை ஒதுக்கவில்லை, ஒளித்து வைக்கப் பார்த்திருக்கிறார். ஒரு நொடி என் வேகம் தணிந்தது. ஆனால் தள்ளி நின்றுகொண்டிருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"பேரு வந்துருச்சுய்யா" என்றேன். "விதைக்காமலே வந்துருச்சு. நேத்து எனக்கு உருட்டுனதும் இவன் கைதான். இவன் கையாலதான் செத்தேன். இந்தா நிக்கிறேன்ல."

அய்யாவுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகரவில்லை. "தம்பி, வா" என்றேன், திரும்பாமல். அவன் புழுதியில் நடந்து வரும் சத்தம் கேட்டது.

அய்யா சரி என்று சொல்லவில்லை. பெட்டியை அவனிடம் கொடுக்கவும் இல்லை. அது அவர் இடுப்பிலேயே இருந்தது. தம்பி அவர் முன்னால் வந்து நின்று, அவர் இடுப்பில் இருந்த பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு பிடி நிறைய அள்ளினான்.